பாகவதரும் 14 விநாடிகளும்

என் போனில் 14 விநாடி ஓடுகிற ஒரு வீடியோ இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூனை, ஒன்றுக்கு இரண்டுக்குப் போக வைத்திருக்கிற மண் தொட்டிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயை முழுசாகத் திறந்து கத்துகிறது. கத்திவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, மண்ணைக் கிளறி, மறுபடியும் உட்கார்ந்து கத்துகிறது. பின்னால் டிவி சத்தம். அதற்கும் மேலே என் குரல்: "ஆரம்பிச்சுட்டாருய்யா!" அப்புறம் ஒரு சிரிப்பு, அதுவும் என்னுடையதுதான். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே "இன்றைய கச்சேரி, அனுமதி இலவசம்" என்று எழுதினேன். பதினொரு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியைப் போட்டார்கள். வேலூர் அத்தை "யாராவது ஒரு விருது குடுங்கப்பா" என்று எழுதினார். போன வருஷம் மே மாதத்துச் சமாசாரம். இன்னும் அழிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை விரல் அது வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

பூனைக்குப் பெயர் பாகவதர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து மூன்றாவது நாள், அயனாவரத்தில் எங்கள் தெருத் தண்ணீர் வடிந்தும் கரண்ட் வராத ஒரு சாயங்காலம், மாடிப்படிக்கு அடியில் நின்ற கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் குட்டி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அந்த உடம்பிலிருந்து அந்தச் சத்தம் வர நியாயமே இல்லை. மூன்று மாடிக்கும் கேட்டது. அப்பா பனியனோடு இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்து, "யாருடா இந்த பாகவதர்?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. பூனையெல்லாம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அதே மூச்சில் சொன்னவரும் அவர்தான். சகுனம் கிகுனம் எல்லாம் ஒன்றும் இல்லையாம், முடி கொட்டுமாம். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒரே பாக்கெட் பாலைப் பிரித்து ஒரு மூடியில் ஊற்றியவரும் அவரே. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பார்களே, இந்தப் பூனை குடித்தது. குடித்துவிட்டு இரண்டு நாள் வயிறு போய்ப் படுத்துக்கிடந்தது. பசும்பால் பெரும்பாலான பூனைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். பூனையைப் பற்றி நமக்கு இருக்கும் முதல் பழமொழியே தப்பு என்று அன்றைக்கே சுதாரித்திருக்கலாம். சுதாரிக்கவில்லை.

நொண்டிய கால் எது?

பாகவதரின் நடிப்புத் திறமையைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். சோற்றுக் கிண்ணத்தில் நடுவில் அடி தெரிந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது பஞ்சம். ஓரமெல்லாம் உணவு குவிந்திருக்கும். அதைப் பார்க்கவே மாட்டார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து, தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் ஒரு சத்தம் போடுவார். யாராவது போய்க் கிண்ணத்தை லேசாகக் குலுக்கி, நடுப்பள்ளத்தை மூடிவிட்டால் போதும், பஞ்சம் நீங்கியது, சாப்பிடுவார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே போனால், வெளியே விதவைக் கோலம். வாலில் புடவை நுனி பட்டால்கூட ஒரு அலறல், அப்புறம் மூன்றடி தள்ளிப் போய் உட்கார்ந்து, பட்ட இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ நக்கிக்கொண்டு, கண்ணால் மட்டும் நம்மைக் குற்றம்சாட்டுவது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர மாட்டார். பூனைக்குத் தன் பெயர் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஜப்பானில் 2019-இல் சோதித்துப் பார்த்து, வீட்டுப் பூனைகளுக்குத் தங்கள் பெயரை மற்ற வார்த்தைகளிலிருந்து பிரித்தறியத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, தெரியும். வருவதில்லை, அவ்வளவுதான். காதை மட்டும் அரை இஞ்ச் திருப்புவார், கேட்டுவிட்டேன், மேலே சொல் என்கிற மாதிரி.

மீன்காரம்மா வருகிற புதன், ஞாயிறுகளில் நடப்பது இன்னொரு ரகம். காசிமேட்டிலிருந்து கூடையோடு வருகிறவர். அவர் குரல் தெருமுனையில் கேட்பதற்கு முன்பே இவர் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றுகொண்டு, ஆறு மாதமாகப் பட்டினி கிடந்தது போல ஒரு அழுகை. கீழே இருந்து அந்தம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னாம்மா, கொயந்தைக்கு சோறே போடறதில்லியா நீ?" என்று தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டுவார். கால் மணி நேரம் முன்னால்தான் தின்றார் என்று நான் மூன்றாவது மாடியிலிருந்து கத்தி நிரூபிக்க முடியுமா? கால் கிலோ நெத்திலி வாங்கினால் மேலே ஒரு கைப்பிடி "கொயந்தைக்கு" இலவசம். பாகவதரின் சம்பாத்தியம் என்று அப்பா சொல்வார். மாதக் கணக்குப் பார்த்தால் வீட்டில் என் பையனைவிட அவர்தான் அதிகம் சம்பாதிக்கிறார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த நொண்டல். முதல் தடுப்பூசிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மெட்ரோவுக்காக அடைத்துவைத்த ரோடுகளில் சுற்றி, கெல்லீஸ், புரசைவாக்கம், டவுட்டன் என்று ஆட்டோ ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது அவருக்கு. 1903-இல் ஆரம்பித்த கால்நடைக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, எத்தனையோ மாட்டையும் குதிரையையும் பார்த்த இடம், இப்படி ஒருவரைப் பார்த்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆடு. அது சும்மா திரும்பிப் பார்த்து ஒரு தடவை "மே" என்றது, அவ்வளவுதான், இவர், தன்னைத் தூக்கிவந்த கேரியர் கூடைக்குள் பொத்தென்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் பையன் செத்துவிட்டது என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஆட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "வால் ஆடுது தம்பி" என்றார். அன்றிலிருந்து பீரோ மேலிருக்கும் அந்தக் கேரியரை எடுத்தாலே பாகவதருக்குக் கால் போய்விடும். வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பார்ப்பவர் மனம் கரையும்படி நொண்டிக்கொண்டு போவார். பெட்ரூம் வாசலில் வலது காலில் ஆரம்பிக்கும் நொண்டல், ஹாலைத் தாண்டும்போது இடது காலுக்கு மாறியிருக்கும்.

போன வருஷம் ஜனவரியில் மாமல்லபுரம் போயிருந்தோம். அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் காலத்துச் சிற்பி, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற முனிவரோடு கூடவே, அதே மாதிரி பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிற ஒரு பூனையைச் செதுக்கிவைத்திருக்கிறான். விலா எலும்பு தெரிகிறது. சுற்றிலும் எலிகள். தவத்தை நம்பி வந்த எலிகள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பாகவதரோட கொள்ளுத்தாத்தாடா" என்று பையனிடம் சொல்லி, போட்டோ எடுத்து, அதையும் குரூப்பில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை

மே மாதம், அக்னி நட்சத்திரம். ஓசூரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பத்து நாள். இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர், அதில் இரண்டு வாண்டுகள். பாகவதர் முதல் மூன்று நாள் பீரோவுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினார். குழந்தைகள் ஓடி இடறுகிறார்கள் என்று பாத்ரூம் பக்கம் இருந்த மண் தொட்டியைப் பால்கனிக்கு மாற்றினோம். மொட்டை வெயில் அடிக்கும் பால்கனி. தண்ணீர்க் கிண்ணம் சமையலறையிலிருந்து எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சாப்பாடு வழக்கம் போல டிரை ஃபுட் மட்டும், ஊற்றி வைத்தால் வேலை முடிந்தது என்பதால். இதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அப்போது எட்டுப் பேருக்கு இட்லி வேகவைக்கிற கவலைதான் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானமே அப்பா சொன்னார். "அவன் காலையிலேர்ந்து போய்ப் போய் மண்ணைத் தோண்டறான். ஒண்ணும் இல்ல." அப்பா எப்போதும் அவன் என்றுதான் சொல்வார், மற்றவர்கள் மாதிரி மரியாதை விளையாட்டு விளையாட மாட்டார். தொட்டியை மாற்றிவிட்டோம் அல்லவா, அதற்குத்தான் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறார் என்றேன் நான். சாயங்காலம் ஏழே முக்காலுக்குக் கத்தல் கேட்டது. ஹாலில் எல்லோரும் இருந்தார்கள், நல்ல கூட்டம் சேர்ந்திருக்கிறது பார் என்று போனை எடுத்தேன். அப்பா பின்னாலிருந்து, "ஏம்மா, எதுக்கோ கத்தறான் பாரு" என்றார். "நடிக்கிறாருப்பா" என்றேன். வீடியோவில் இந்தப் பேச்சு இல்லை. இதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்பது மணிக்கு வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தான். பத்து மணிக்கு, காலையில் எடுத்துவைத்த நெத்திலியில் ஒன்றைக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே காட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கி அடியில் நக்க ஆரம்பித்தான். நக்கிக்கொண்டே இருந்தான். கத்தல் நின்றுவிட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்ததை நாங்கள் யாரும் உடனே கவனிக்கவில்லை, குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம்.

அத்தைக்குப் போன் போட்டால், பாதி பாராசிட்டமால் கொடு, காலையில் சரியாகிவிடும் என்றார். மனுஷருக்கு வருகிற அக்கறைதான், குறை சொல்லவில்லை. நானும் மாத்திரையை உடைத்துவிட்டேன். பாதி உள்ளங்கையில். அப்பா கையைப் பிடித்து, டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதே என்றார். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிட முடியும், அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியே தள்ளத் தெரியாது என்று அன்றிரவு டாக்டர் சொன்னபோது, மீதி மாத்திரை என் சுடிதார் பாக்கெட்டிலேயே இருந்தது. பூனை வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு வரியையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆம்பளப் பூனை யூரின் போகலன்னா எமர்ஜென்சின்னு போட்டிருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான் பீரோ மேலிருந்து கேரியரை இறக்கினேன். அதைப் பார்த்தான். நொண்டவில்லை. தூக்கினபோது துணி மாதிரி வந்தான். எனக்குப் பயம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஆட்டோவில் அப்பாவும் ஏறிக்கொண்டார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழியெல்லாம் ஒரு சத்தம் இல்லை. கீழ்ப்பாக்கம் பக்கம் ராத்திரியிலும் திறந்திருக்கிற ஒரு கிளினிக். டாக்டர் சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஸ்டீல் மேஜையில் விட்டதும் அவன் குந்தி உட்கார்ந்துகொண்டு பர்ர்ர் என்று ஆரம்பித்தான். மடியில் படுத்துக்கொண்டு போடுகிற அதே சத்தம். எனக்கு உயிர் வந்தது. "பர்ர்னு சொல்றானே டாக்டர், அப்ப பரவாயில்லையா?" என்றேன். அவர் வயிற்றுக்கு அடியில் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே, "வலியிலயும் சொல்லும்மா" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு சாத்துக்குடி. அவ்வளவு பெரிசு, அவ்வளவு இறுக்கம். அதுதான் மூத்திரப்பை.

"கடைசியா எப்ப யூரின் போனான்?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் வளர்க்கிறேன். என்ன பிராண்ட் சாப்பாடு, எந்தப் பக்கம் சொறிந்தால் பிடிக்கும், எந்த சீரியல் பாட்டுக்குக் காதைத் திருப்புவான், எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. அப்பா பின்னால் நின்றபடி, ஆபீஸில் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னார்: "நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு மூத்திரத்துல நனைஞ்சு திரண்ட மண் ஒரு உருண்டை, சின்னது. அதுக்கப்புறம் இல்ல. இன்னிக்கு ஒன்பது தடவை போய் உட்கார்ந்தான். கடைசி ரெண்டு தடவை கத்தினான்." டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "கத்தினப்போ எப்படி உட்கார்ந்திருந்தான்? வீடியோ ஏதாவது இருக்கா?"

இருந்தது. கேலரியில் தேடப் பொறுமை இல்லாமல், கை நடுக்கத்தில், குரூப்பைத் திறந்து அதிலிருந்தே போட்டுக் கொடுத்துவிட்டேன். மேலே இன்றைய கச்சேரி, கீழே மஞ்சள் மூஞ்சிகள். அந்த அறையில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அதில் என் சிரிப்பு கேட்டது. 14 விநாடி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். முதுகு வளைந்திருக்கிற விதத்தையும், வாலின் அடி துடிக்கிறதையும், கீழே மண் நனையாமல் இருப்பதையும் பார்த்தார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது தடவையும் என் சிரிப்பு கேட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லவேளை, எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் ஊசித் துளை மாதிரி குறுகிவிடும். மணல் மணலாகச் சேருகிற படிகமோ, சளி மாதிரி ஒரு கட்டியோ வந்து அடைத்துக்கொண்டால் சொட்டுக்கூட இறங்காது. பெண் பூனைகளுக்கு இது அபூர்வம். அடைத்த பிறகு உடம்பிலிருந்து வெளியேற வேண்டியதெல்லாம் ரத்தத்திலேயே தங்கும், பொட்டாசியம் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ரத்தம் எடுக்கப் போய்விட்டார்.

மயக்கம் கொடுத்து டியூப் போட்டார்கள். நன்னாரி சர்பத் நிறத்தில் வந்தது. ராத்திரி ஒன்றரை மணி. வெளியே பெஞ்சில் நானும் அப்பாவும். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "உங்கம்மாவும் தலைவலி தலைவலின்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா எப்படிப் போனாள் என்பது இங்கே எழுதுகிற விஷயம் இல்லை. ஆனால் பூனை பிடிக்காது என்கிற மனுஷன் ஏன் ஒரு பூனையின் மண் உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை.

தவம் செய்யும் பூனை

மூன்று நாள் டிரிப்ஸோடு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பில் இருபதாயிரத்தை நெருங்கியது. சீட்டில் பெயர் "பகவதி" என்று எழுதியிருந்தது, யாரும் திருத்தவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் போய்க் கூண்டுக்கு முன்னால் உட்காருவேன். கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு என்னைப் பார்ப்பான். கத்த மாட்டான்.

அந்த நாட்களில் ஆபீஸ் வேலை ஓடாமல் பூனைகளைப் பற்றிக் கண்டதையும் படித்தேன். குட்டிகள் தாயைப் பார்த்துக் கத்துமாம். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து மியாவ் சொல்வது அபூர்வமாம். சண்டையில் கத்தும், ஜோடி தேடிக் கத்தும், அது வேறு. இந்த மியாவ் என்பது பெரும்பாலும் மனிதர்களிடம் மட்டும் பேசுவது. நம்மைப் பார்த்து, எது சொன்னால் எழுந்து வருகிறோம் என்று பழகிப் பழகி ஒவ்வொரு பூனையும் அந்தந்த வீட்டுக்காக உண்டாக்கிக்கொண்ட பேச்சு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சோறு கேட்கும்போது பூனை போடுகிற பர்ர் சத்தத்துக்குள் ஒரு மெல்லிய அழுகை ஒளிந்திருக்கிறது, அது கைக்குழந்தை அழுகிற சுருதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்கிறது என்று. படித்ததும் முதலில், பார்த்தாயா, திருட்டுப் பயல், குழந்தை மாதிரி அழுது ஏமாற்றுகிறான் என்றுதான் தோன்றியது. இரண்டாவது தடவை படித்தபோது அப்படித் தோன்றவில்லை. சாதாரணமாகச் சொன்னபோது நாம் எழுந்து வரவில்லை, அழுதபோது வந்தோம், அதனால் அழக் கற்றுக்கொண்டது. இதில் யார் நடிப்பு சொல்லிக்கொடுத்தது?

நம் பாஷையில் பூனைக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நாய்க்கு நன்றி. பசுவுக்கு சாந்தம். பூனை என்றால் பால் திருடுவது, மதில் மேல் உட்கார்ந்து எந்தப் பக்கம் லாபம் என்று பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்பது, ருசி கண்டு உறியைத் தாவுவது, குறுக்கே போய் நல்ல காரியத்தைக் கெடுப்பது. மாமல்லபுரத்தில் கல்லிலேயே செதுக்கிவிட்டோம், பூனை தவம் செய்தாலும் அது வேஷம்தான் என்று. அந்தச் சிற்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அபாரமான கை, அந்த நகைச்சுவைக்காகவே இன்னொரு தடவை போவேன். ஆனால் நான் என் பூனையைப் பார்க்கவில்லை, 1300 வருஷமாக நாம் சொல்லிக்கொண்டிருக்கிற பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் தொட்டியில் உட்கார்ந்து, தெரிந்த ஒரே பாஷையில், யாருக்காக அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டானோ அவளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். வீடியோவில் 9-ஆவது விநாடியில் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். முன்பு அந்த இடம்தான் எல்லோருக்கும் ரொம்பச் சிரிப்பாக இருந்தது.

என்ன காரணம் என்று கேட்டதற்கு டாக்டர் ஒன்றைக் கைகாட்டவில்லை. வெயில், தண்ணீர் குறைவு, டிரை ஃபுட் மட்டும், வீட்டில் புது ஆட்கள், இடம் மாறிய தொட்டி, எல்லாமாகச் சேர்ந்திருக்கலாம் என்றார். பூனைக்கு மனசு கலங்கினால் மூத்திரப்பையில் தெரியுமாம். தம்பி இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாங்கள் வந்ததால்தானா என்று முகம் சுருங்கினான். இல்லைடா என்றேன். தொட்டியை மாற்றியது நான்தான்.

இப்போது வீட்டில் நடக்கிற கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஹாலில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் அப்பா முன்பெல்லாம் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, கரண்ட் பில் கடைசி நாள் எழுதுவார். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் "மூ-3", "மூ-2", "மூ-3". விருந்தாளிகள் கேட்டால் மூலிகை என்று சொல்லிவைத்திருக்கிறோம். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று இருந்த வீட்டில் ஐந்து இருக்கிறது, ராத்திரி எழுந்து போனால் ஏதாவது ஒன்றில் கால் படாமல் பாத்ரூம் போய்ச் சேர முடியாது. சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, நெத்திலி வேகவைத்த சாறு கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறோம். ஒருநாள் காலண்டரில் மத்தியானம் வரை கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஆபீஸ் மீட்டிங்கை விட்டு எழுந்து ஓடி, பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக விரட்டி, அப்பாவுக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசியில் அப்பா எண்ணிவிட்டு எழுத மறந்துவிட்டார் என்று தெரிந்தது. பூனை அந்த நேரம் முழுக்க வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விடிகாலை நாலே முக்காலுக்குக் கத்தல் ஆரம்பிக்கும். முன்பு தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வேன். இப்போது எழுந்து போகிறேன். நான் போவதற்குள் அப்பா அங்கே இருப்பார், டார்ச்சோடு, தொட்டிக்கு முன்னால் குனிந்தபடி. ஒன்றும் இல்லை, கிண்ணத்தில் நடுவில் அடி தெரிகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் வருஷத் தடுப்பூசிக்குத் தேதி வந்தது. வேப்பேரிதான். பீரோ மேலிருந்து கேரியரை எடுத்துத் தூசி தட்டிக் கீழே வைத்தேன். பாகவதர் ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். வலது முன்னங்காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டு, முகத்தில் சொல்லொணாத வேதனையோடு பெட்ரூமிலிருந்து நொண்டிக்கொண்டு கிளம்பினார். ஹாலைத் தாண்டும்போது நான் காலைப் பார்த்தேன். இடது.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்றார்.